இருபத்தொன்பது

சிப்போரா என்று வருகைப் பதிவில் கேட்டதும்
எந்தப் பங்கு என்று விசாரித்தோம்,
ராயபுரமா, பழைய வண்ணாரப்பேட்டையா என்று.
"நான் யூதப் பொண்ணு" என்றாள்.
தானேயில் பிறந்தவள், அப்பா கப்பலில் எஞ்சினியர்,
வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரில்.
கடைசிப் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.
வாசகப் புத்தகத்துக்கு வெளியே அப்படி ஒருத்தி
சுடிதார் போட்டுக்கொண்டு வருவாள் என்று
யாருக்குத் தெரியும்.

விடுதி அறையில் மெழுகுவர்த்திக்குத் தடை.
சிற்றாலயத்தில் நூறு எரியலாம்,
கட்டிலோரம் இரண்டு ஆகாது.
வெள்ளிக்கிழமை பொழுது சாய மின்சாரம் போனால்
அவள் ஒருத்திதான் சந்தோஷப்படுவாளாம்.
விடுதிப் பெண்கள் சொன்னார்கள்.
நான் காசிமேடு, வீட்டிலிருந்து வருகிறவள்,
டிபன் பாக்ஸைத் திறந்தால்
மின்விசிறியைக் கூட்டிவைப்பார்கள்.

தவக்காலத்தில் பாஸ்கு நாடகம்.
சிலுவையின் உச்சிப் பலகையில் மூன்று மொழி வேண்டும்.
லத்தீனுக்கு சிஸ்டர் தெயோபிலா,
கிரேக்கத்துக்கு செல்போன்,
எபிரேயத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள்.
படகுக்கு அடித்து மீந்த பச்சை எனாமலை
அப்பாவிடம் கேட்டு வாங்கிப் போனேன்.
டப்பாவைப் பிடித்துக்கொண்டு
அவளுக்கு இடப்பக்கம் நின்றேன்.
வலமிருந்து கிளம்பிய எழுத்து
என்னை நோக்கி வந்துகொண்டே இருந்தது.
"இதில் யூதர் எது?"
எனக்குப் பக்கத்தில் முடிந்த சொல்லைத் தொடாமல் காட்டினாள்.
ஈரம்.

திங்கட்கிழமை அவள் மேசையில்
ஒற்றை ரூபாய்க் காசுகள், வரிசை வரிசையாக.
"முப்பது வெள்ளி" என்று சாக்பீஸில்.
காலையிலேயே பிளாவியா
எவர்சில்வர் மூடியை நீட்டிக்கொண்டு வந்திருந்தாள்,
தலைக்கு ஒரு ரூபாய், சும்மா ஜாலிக்கு என்று.
பைக்குள் விட்ட கையை நான் வெளியே எடுக்கவில்லை.
வேண்டாம்டி என்றும் சொல்லவில்லை.
அடுத்த பெஞ்சுக்கு அவள் போய்விட்டாள்.

சிப்போரா அழவில்லை, உட்கார்ந்து எண்ணினாள்.
மறுபடி எண்ணினாள்.
"இருபத்தொம்பது. ஒண்ணு கம்மி."
வகுப்பே கேட்கிற மாதிரி சொன்னாள்.
என் கைக்குள் வியர்த்தது.

முதல்வர் அறைக்கு அதே மூடியில் கொண்டுபோனாள்.
பிள்ளைகள் அறியாமல் செய்தது என்றாராம் சிஸ்டர்.
"எண்ணித்தானே வெச்சாங்க, சிஸ்டர்."

மறுநாள் ஒரு சுற்றறிக்கை,
தேர்வுக் கட்டண அறிவிப்புக்குக் கீழே:
சகோதரத்துவம் காப்போம்.
எதற்காக, யாரோடு என்று அதில் இல்லை.
யூதர்மேல் பழி போடக் கூடாதென்று திருச்சபை
அறுபது வருஷம் முன்பே சொல்லியாயிற்று என்றார்
மறைக்கல்வி டீச்சர்.
நூலகத்தில் தேடி எடுத்தேன். கடைசியாக அதை
யாரும் எடுத்துப்போனதாக முத்திரை இல்லை.

வசனத்தில் 'யூதர்கள்' போய் 'மக்கள்' வந்தது.
தங்கசாலைத் தெருவில் வாடகைக்கு எடுத்த தாடிகள் போகவில்லை,
முன்பணம் கொடுத்தாயிற்றாம்.
கூட்டத்தில் எனக்கும் ஒன்று.
கத்தவேண்டிய இடத்தில் கத்தினேன்,
தாடி மயிர் வாய்க்குள் போனது.
நிமிர்ந்தால் பலகை, மேல்வரி பச்சையில்.
அதில் ஒரு சொல்லை மட்டும் எனக்கு வாசிக்கத் தெரியும்.
பார்வையாளர் வரிசையில் அவளைத் தேடினேன்.
வந்திருந்தாளா தெரியவில்லை,
விளக்கு எங்கள் கண்ணில் அடித்தது.

அந்த ஒரு ரூபாயைக்
கல்மண்டபம் ஷேர் ஆட்டோவில் சில்லறையோடு
கொடுத்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.
இப்போது அவள் என் பக்கத்தில்தான் உட்கார்கிறாள்.
என் மீன் குழம்பில் தொட்டுக்கொள்கிறாள்,
செதில் உள்ள மீன்தானே என்று கேட்டுவிட்டு.
இறால் வைத்த நாளில் நானே முந்திச் சொல்லிவிடுகிறேன்.
மற்றதை இன்னும் சொல்லவில்லை.
நான் போடலை என்று ஆரம்பித்தால்
அடுத்து அவள் கேட்கப்போவது
எனக்குத் தெரியும்.